பிள்ளையின் பழைய ஜேர்சியும் பதக்கமும்: எதைக் கொடுப்பது, எதை வைப்பது, உப்புக்காற்றில் எப்படிக் காப்பது

அலுமாரிக்கு மேலே ஓர் உரப்பை இருக்கும். அதற்குள் மூன்றாம் ஆண்டில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போட்ட ரீசேட், வலயமட்டப் போட்டியில் நெஞ்சில் குத்திய இலக்கத்துணி, ஒற்றைக் காலுறை, அடி தேய்ந்த ஸ்பைக்ஸ், நாடா சிக்குப்பட்ட ஐந்தாறு பதக்கங்கள். "பிறகு பார்ப்பம்" என்று கட்டி வைத்தது. திருகோணமலையில் அந்தப் "பிறகு" இரண்டு மாரிக்கு மேல் தாங்காது. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழையோடு வீசும் வாடையில், கட்டிவைத்த துணி அறைக்குள் இருந்தபடியே ஈரம் குடிக்கும். உப்புக்காற்று வருடம் முழுக்க உலோகத்தைத் தின்னும். மூன்றாம் வருடம் பையை அவிழ்த்துப் பாருங்கள்: ஒரு ஜேர்சியின் முதுகிலிருந்த 7ஆம் இலக்கம் பக்கத்து ரீசேட்டின் நெஞ்சில் ஒட்டிக் கிடக்கும். சப்பாத்தின் அடி கை பட்டதும் பிட்டுப்போல உதிரும். சட்டைப்பின் குத்தியிருந்த இடத்தில் கறள் கோடு விழுந்திருக்கும்.

எல்லாவற்றையும் வைத்திருப்பவரிடம் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சத்தை எடுத்து ஒழுங்காக வைக்கவேண்டும். மற்றதை இன்னொரு பிள்ளை போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடவேண்டும். கீழே உள்ள வேலைமுறை அந்தக் கணக்கில்தான் போகிறது.

எந்த மாதம், என்ன சாமான்

கச்சான் காற்று அடிக்கிற மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்கள் இந்த வேலைக்கென்றே வந்தவை. காலையில் கொடியில் போட்டது பின்னேரத்துக்குள் தையலிடுக்கு வரை காய்ந்துவிடும். மாரிக்காலத்தில் தோய்த்து, மின்விசிறிக்குக் கீழே உலர்த்தி, "காய்ந்தமாதிரித்தான்" என்று பெட்டிக்குள் போடுவதுதான் பூஞ்சணத்துக்கு முதற் காரணம். ஒரு பிள்ளையின் சாமானுக்குப் பிரிக்க ஒரு காலை, தோய்த்து உலர்த்த இரண்டு நாள், அடுக்க ஒரு பின்னேரம் போதும்.

வாங்கவேண்டியவை அதிகமில்லை. கிளிப் மூடியுள்ள 30 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று (ஏறத்தாழ 45 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம்), சிலிக்கா ஜெல் 100 கிராம், ஒரு மீற்றர் வெள்ளைப் பருத்தி நாடா, தோய்த்தாலும் போகாத துணிப் பேனை, சிப் வைத்த சிறு பைகள், ஒரு வளையக் கோப்பு. பொதிந்து வைக்கும் துணியை வாங்கவேண்டாம். பலதடவை தோய்த்து மெத்தென்றாகிய பழைய வெள்ளை வேட்டியே அதற்குத் திறம். புது வெள்ளைத் துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சி இருக்குமிடத்துக்கு வெள்ளிப்பூச்சி தேடி வரும்.

பாயை விரித்துப் பிரிப்பது

பிள்ளை வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பிரிக்கவேண்டாம். பெற்றோருக்குப் பெரிதாகத் தெரியும் வெற்றிக்கிண்ணம் பிள்ளைக்கு ஒன்றுமில்லாமல் இருக்கும். தோற்றுப்போன போட்டியின் அழுக்குக் கைப்பட்டிதான் அதற்கு உயிராக இருக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் "எது வேணும்?" என்று கேட்டால் எல்லாம் வேணும் என்றுதான் சொல்லும். "இந்தப் பெட்டி நிறையுமட்டும் நீ எடு" என்று பெட்டியைக் கையில் கொடுத்தால் தானே கணக்குப் பார்க்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையென்றால் பாயில் பரப்பிப் படமெடுத்து அனுப்பி, பதில் வந்த பிறகு கைவையுங்கள்.

முதலில் ஒதுக்கவேண்டியது உங்களுடையதல்லாத சாமான். சுழற்கிண்ணம் பாடசாலைக்கோ கழகத்துக்கோ சொந்தம். ஒரு வருடம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கவேண்டியது பல வீட்டு ஷோகேசுகளில் பத்து வருடமாக நிற்கிறது. அணிக்கென்று பாடசாலை வாங்கிக் கொடுத்த ஜேர்சிகளும் இப்படித்தான்: 1 முதல் 15 வரையான தொகுதியில் ஓர் இலக்கம் குறைந்தால் அடுத்த அணிக்கு முழுத் தொகுதியும் உதவாமற் போய்விடும்.

அடுத்தது, கொடுக்கலாமா என்று பார்க்கும் சோதனை. காற்சட்டையின் இடுப்பு இலாஸ்ரிக்கை இரண்டு பங்கு நீளத்துக்கு இழுத்து விடுங்கள். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டால் றப்பர் செத்துவிட்டது. துணி நன்றாயிருந்தால் புது இலாஸ்ரிக் கோத்துக் கொடுக்கலாம். ஜேர்சியை வெளிச்சத்துக்குப் பிடித்து அக்குளையும் பின்கழுத்தையும் பாருங்கள், முதலில் இற்றுப்போவது அந்த இரண்டிடமும்தான். சப்பாத்தை இரு கையாலும் பிடித்து நடுவில் நன்றாக வளையுங்கள். அடியில் வெடிப்பு ஓடினாலோ, பக்கத்தில் நகத்தால் அழுத்தும்போது பள்ளம் விழுந்து எழும்பாமல் நின்றாலோ அதை யாருக்கும் கொடுக்கவேண்டாம். பொலியூரித்தேன் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த அடி காற்றிலுள்ள ஈரத்தால் தானாகவே சிதையும். பெட்டி பிரிக்காத புதுச் சப்பாத்துக்கும் அதே கதிதான். ஞாபகத்துக்கென்று சப்பாத்து வைக்க விரும்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வைக்கவேண்டும். படமெடுத்துவிட்டு, கால் வளரும் பிள்ளை ஒன்றுக்கு உடனே கொடுத்துவிடுவது மேல்.

தலைக்கவசம் ஒருமுறை பலமான அடி வாங்கியிருந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், கொடுக்கக்கூடாது. உள்ளே நசிந்த நுரை மறுபடி எழும்பாது. பற்காப்பும் காற்சட்டைக்குள் போடும் உட்காப்பும் குப்பைக்கு.

தோய்ப்பதில் நடக்கும் பிழைகள்

விளையாட்டு உடுப்பில் பெரும்பாலானது பொலியெஸ்ரர். அது தண்ணீரைக் குடிக்காது, ஆனால் உடம்பின் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு தடவை தோய்த்த ஜேர்சி மடித்து வைத்து ஒரு மாதத்தில் வியர்வை நாறுவது அதனால்தான். சவர்க்காரத்தைக் கூட்டுவதால் பயனில்லை. 10 லீற்றர் வாளித் தண்ணீரில் ஒரு கப், அதாவது 250 மில்லிலீற்றர் வினாகிரி கலந்து, ஜேர்சியை உட்புறம் வெளியே திருப்பி அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிழிந்து, பிறகு வழக்கமான சவர்க்காரத் தூளில் தோயுங்கள். மணத்துக்கென்று ஊற்றும் மிருதுவாக்கி வேண்டாம். அது இழையின்மேல் படலம்போலப் படிந்து, நாற்றத்தையும் உள்ளே வைத்து மூடிவிடும்.

கடலோரக் கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கத்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, சாம்பல்நிறக் கசடாகத் துணியில் இறங்கும். தோய்ப்பது கிணற்றுத் தண்ணீரில் என்றாலும் கடைசி அலசலைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை செய்யுங்கள். வைக்கப்போகும் துணியில் உப்பு நின்றால், மாரியில் அந்த உப்பே ஈரத்தை இழுக்கும்.

கறைக்குக் கறை வைத்தியம் வேறு. மைதானத்துச் செம்மண் ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழைக்குள் இறங்கும். முழுக்கக் காயவிட்டு, தட்டி, பழைய பல்துலக்கியால் துடைத்த பிறகே தண்ணீர் காட்டவேண்டும். இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி உப்பும். சுடுதண்ணீர் பட்டால் இறுகிவிடும், பிறகு போகாது. புல்லின் பச்சையில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஒற்றி எடுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

சட்டைப்பின் விட்ட கறளைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் துணியைக் கெடுக்கிறார்கள். கறையைக் கண்டதும் குளோரின் ஊற்றுவது வழக்கம். குளோரின் கறளை எடுக்காது, இன்னும் ஆழமாகப் பதித்துவிடும். வெள்ளைப் பருத்தி என்றால் கறையின்மேல் ஒரு சிட்டிகை உப்பு வைத்து, தேசிக்காயைப் பிழிந்து, வெயிலில் ஒரு மணி நேரம் விடுங்கள். காயக் காயத் திரும்பவும் பிழியுங்கள். மூன்று சுற்றில் மங்கும். பிறகு உப்பும் புளிப்பும் போகுமட்டும் அலசவேண்டும், புளிப்பு நின்றால் பருத்தி இற்றுப்போகும். நிறத்துணியில் தேசிக்காயும் வெயிலும் சேர்ந்தால் சாயம் வெளிறும், அங்கே கறையோடு விட்டுவிடுவதே நல்லது. ஒன்றை மறக்கவேண்டாம்: வினாகிரியோ தேசிக்காயோ குளோரினோடு ஒரே வாளியில் சேரக்கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பூஞ்சணம் பிடித்த துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள். முற்றத்தில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் தட்டிய பிறகு தோயுங்கள். கருத்த புள்ளி போகாவிட்டாலும் உயிருள்ள பூஞ்சணம் போயிருந்தால் வைக்கலாம். மணம் நின்றால் போகவில்லை என்று அர்த்தம்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டமாக, உட்புறம் வெளியே இருக்க. பின்னேரம் எடுத்தவுடன் பெட்டியில் போடாமல் ஓர் இரவு அறையில் விரித்து வைத்து, மறுநாள் காலை கழுத்துப்பட்டியையும் விளிம்புத் தையலையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரத்தின் குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும்.

கொடுப்பதென்றால்

இல்ல விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நடக்கும். இல்ல நிற ரீசேட் தேடி வீடுகள் அலைவது அதற்கு முந்தின மூன்று கிழமைதான். ஆகவே டிசம்பர் விடுமுறைக்கு முன் கொடுத்தால் அது போடுபவரிடம் போய்ச்சேரும். ஏப்ரலில் கொடுத்தால் இன்னொரு வீட்டின் உரப்பைக்குள் போகும். முதுகில் வருடம் அச்சடித்திருந்தால் அதே நிறத் துணியில் ஒரு பட்டியை வெட்டி மேலே தைத்துவிடுங்கள். பழையது என்று தெரிகிற சட்டையைப் போட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

பாடசாலைச் சின்னம் உள்ளவற்றை அதே பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடமே கொடுங்கள். பொதுவான ஜேர்சி, உதைபந்தாட்டச் சப்பாத்து, கணைக்காப்பு, துடுப்புமட்டை போன்றவற்றைக் கிராமத்து விளையாட்டுக் கழகங்கள் சந்தோசமாக எடுக்கும். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று எந்தப் பக்கமானாலும் அங்குள்ள பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டால் எந்தக் கழகத்தில் சிறுவர் அணி இருக்கிறது என்று தெரியும். கேட்காமல் மூட்டை கட்டி இறக்கிவிட்டு வருவது அவர்களுக்கு வேலை வைப்பதுதான்.

கொடுக்கும் முறையிலும் மரியாதை உண்டு. ரீசேட்டில் எழுதியிருக்கும் "8 வயது" என்ற அளவை நம்பாமல் துணியைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை அளந்து, "நெஞ்சு அகலம் 38 செ.மீ." என்று துண்டில் எழுதிக் குத்துங்கள். நீளத்தையும் எழுதுங்கள். சப்பாத்தை இரண்டையும் கயிற்றால் கட்டி அளவை மேலே எழுதுங்கள். பிள்ளையின் பெயர் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். கிழிந்ததைக் கீழே வைத்து நல்லதை மேலே அடுக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிரித்துப் பார்ப்பவருக்கு அது தெரியாமற் போகாது.

வைக்கும் துணிகளுக்கு

ஒரு பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு ஜேர்சி போதும். முதல் அணியில் போட்டது, மனதில் நிற்கும் ஒரு போட்டியில் போட்டது, கடைசியாகப் போட்டது. அதற்கு மேல் எடுப்பதானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் சொல்ல முடியவேண்டும்: "மெக்கேசர் மைதானத்தில் மாகாணமட்டம், 4×100, மூன்றாவது ஆளாக ஓடியது." இப்படி ஒரு வசனமும் வராத ரீசேட் வெறும் துணி.

அந்த வசனம் துணியோடேயே இருக்கவேண்டும். 8 செ.மீ. நாடா வெட்டி, பெயர், ஆண்டு, போட்டி, இடம் நான்கையும் துணிப் பேனையால் எழுதி, உட்புற விளிம்புத் தையலில் நாலு இழை போட்டுத் தைத்துவிடுங்கள். ஒட்டும் லேபல் இரண்டு கோடையில் கழன்று, பசையை மட்டும் துணியில் விட்டுப் போகும்.

இலக்கம் எப்படிப் பதித்தது என்று பார்ப்பது அடுத்த வேலை. விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடக்கினால் அது சூடாக்கி ஒட்டிய பிளாஸ்ரிக் படலம். தடக்காமல் துணியோடு துணியாக இருந்தால் சாயம் இழைக்குள் போயிருக்கிறது, அதை எப்படி மடித்தாலும் குற்றமில்லை. ஒட்டுப்படலத்தை மடித்தால் மடிப்பில் வெடிக்கும், இன்னொன்றோடு முகத்துக்கு முகம் வைத்தால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். இப்படியானவற்றை, இலக்கம் வெளிப்புறம் வர, வேட்டித் துண்டைச் சுருட்டிய உருளையில் தளர்வாகச் சுற்றவேண்டும். இலக்கத்தின்மேல் கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாளை வைத்துவிட்டு வேட்டித் துண்டால் பொதியுங்கள். மெழுகு பூசிய தாளும் பத்திரிகைத் தாளும் கூடாது. மெழுகு உருகும், மை இறங்கும். அயன் பண்ணவேண்டிய தேவையே இல்லை.

பெட்டியின் அடியில் சிலிக்கா ஜெல்லைத் துணிப் பையில் கட்டிப் போடுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஒரேயொரு சிறு பொட்டலம் 30 லீற்றருக்குக் காணாது. அரிசி போடுவது வண்டுக்கு விருந்து. நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரத்தால் நிரம்பிவிட்டன என்று பொருள், சமையலுக்கு எடுக்காத தட்டில் பரப்பி, அவணில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். நிறமூட்டிய மணிகள் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது.

நப்தலீன் உருண்டை தேவையில்லை. பொலியெஸ்ரரைப் பூச்சி தின்னாது, உருண்டையின் ஆவியோ பிளாஸ்ரிக்கை இளக்கிக் கெடுக்கும். அதில் கிடந்த உடுப்பைக் கைக்குழந்தைக்குப் போடுவது ஜீ6பீடி நொதியம் குறைந்த குழந்தைக்கு இரத்த அணுக்களைச் சிதைக்கும் அளவுக்கு ஆபத்தானது. வேப்பிலைதான் போடுவேன் என்பவர்கள் நன்றாகக் காய்ந்ததைத் துணிப் பைக்குள் கட்டிப் போடுங்கள். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும், கறையும் விடும்.

பெட்டி வைக்கும் இடம்: தகரக் கூரைக்குக் கீழே பரணில் வேண்டாம், கடலைப் பார்த்த வெளிச்சுவரோடு ஒட்டியும் வேண்டாம், தரையிலும் வேண்டாம். உள்சுவர்ப் பக்கம் அலுமாரியின் நடுத்தட்டு நல்லது.

பதக்கம், கிண்ணம், கேடயம்

குத்துவிளக்கு மினுக்குகிற கையோடு பதக்கத்துக்கும் பழப்புளி போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. விளக்கு முழுக்கப் பித்தளை. பாடசாலைப் பதக்கம் பெரும்பாலும் நாகக் கலவையின்மேல் மயிரிழையளவு மஞ்சள் முலாம். ஒரு தேய்ப்பில் "தங்கம்" போய்ச் சாம்பல்நிறம் தெரியும், திரும்ப ஏறாது. சாம்பல், பற்பசை, மினுக்கும் திரவம் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். பதக்கத்துக்கு வேண்டியது மெல்லிய பருத்தித் துணியும், பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் சில துளியும். துடைத்த உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். வியர்வைக் கையால் பிடித்தால் விரலடையாளம் அப்படியே கறுத்துப் பதியும், ஓரத்தில் பிடியுங்கள்.

நாடாவைக் கழற்றி, வளையத்திலுள்ள கறளைத் துடைத்து, நாடாவைத் தனியாகச் சுற்றுங்கள். நாடாச் சாயம் ஈரத்தில் கசியும், ஆகவே வெள்ளை ஜேர்சியின்மேல் நாடாவோடு பதக்கத்தை வைக்கக்கூடாது. ஒவ்வொரு பதக்கமும் வேட்டித் துண்டில், பிறகு சிப் பையில், சிறு சிலிக்கா பொட்டலத்தோடு. மணக்கும் மெத்தென்ற பிளாஸ்ரிக் உறை வேண்டாம். அது சில வருடத்தில் பிசுபிசுத்து உலோகத்தையும் கெடுக்கும். றப்பர் வளையம் போட்டுக் கட்டினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளி முலாமில் கறுப்புக் கோடு போடும்.

கிண்ணங்கள் இடத்தை அடைப்பவை. ஐந்து ரூபாய்க் காசளவு பெறுமதியில்லாத பிளாஸ்ரிக் கோபுரத்தில் பெறுமதியானது அடியிலுள்ள பெயர்த்தகடு மட்டுமே. அதைக் கழற்றி எடுத்து, எல்லாத் தகடுகளையும் ஒரே பலகையில் பதித்தால் இருபது கிண்ணம் ஒரு சுவர்ப்பலகைக்குள் அடங்கும். தகடு திருகாணியில் நின்றால் தையல்மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திருப்புங்கள். ஒட்டியிருந்தால் தலைமயிர் உலர்த்தியால் ஒன்றிரண்டு நிமிடம் சூடு காட்டி, மீன்பிடிக்கிற தங்கூசியை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்துத் தகட்டுக்குக் கீழே அறுப்பதுபோல மெதுவாக இழுங்கள். கத்தி வைத்து நெம்பினால் மெல்லிய தகடு மடிந்து எழுத்து வெடிக்கும். மிச்சப் பசை தேங்காயெண்ணெயில் ஊறவிட்டால் உருளும்.

மரக் கேடயத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டவேண்டாம். பின்னால் இரண்டு போத்தல் மூடியை ஒட்டி இடைவெளி விடுங்கள். கறையான் வழி போட்டால் கண்ணில் படும்.

சான்றிதழைத் தனியாக எடுங்கள்

ஜேர்சி மனதுக்கு, சான்றிதழ் வேலைக்கு. விளையாட்டு முதலான துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வழங்குகிறது. இன்னொன்று பலருக்கு நினைவில் வராதது: இன்று ஓடுகிற பிள்ளை நாளைக்குத் தாயோ தகப்பனோ ஆகி, தன் பிள்ளையைத் தான் படித்த பாடசாலையில் தரம் 1இல் சேர்க்கப் பழைய மாணவர் பிரிவில் விண்ணப்பித்தால், படித்த காலத்து இணைபாடவிதானச் சாதனைகளுக்கும் புள்ளி உண்டு. இல்ல விளையாட்டுப் போட்டியின் மூன்றாமிடச் சான்றிதழைக்கூட எறியவேண்டாம்.

லமினேற் பண்ணாதீர்கள். மூலத்தைத் தொட்டுப் பார்க்க முடியாமற் போகும், பின்னால் முத்திரையோ கையொப்பமோ வாங்க இடமிருக்காது, ஓரத்தால் ஈரம் இறங்கினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும், பிரித்தெடுக்க வழியில்லை. ஸ்ரேப்ளர் கம்பியை நகத்தால் இழுக்காமல் பின்பக்கம் நிமிர்த்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு ஓர் உறையாக வளையக் கோப்பில் ஆண்டு வரிசையில் போடுங்கள். பத்திரிகையில் வந்த படம், செய்தித் துண்டு என்றால் நல்ல வெள்ளைத் தாளில் பிரதி எடுத்துப் பிரதியை வையுங்கள். பத்திரிகைத் தாள் தானும் மஞ்சளாகி, தொட்டுக்கொண்டிருக்கும் சான்றிதழையும் மஞ்சளாக்கும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள், 300 டீபீஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். கைபேசியில் எடுப்பதானால் காலை ஒன்பது மணியளவில், நேர்வெயில் படாத விறாந்தையில், தாளைத் தரையில் விரித்து நேர்மேலே நின்று எடுங்கள். ஜேர்சியும் பதக்கமும் அப்படியே, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து. கோப்புக்குப் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: "2019 இல்லப்போட்டி 100மீ இரண்டாமிடம்". ஒரு பிரதி பென்டிரைவில், ஒரு பிரதி மின்னஞ்சலில், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தபோது இந்தக் கரையில் பல வீடுகளில் போனது கடதாசியும் படமும்தான். அதற்கு முன்பும் ஒரு பையோடு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் நிறைந்த மாவட்டம் இது. சான்றிதழ் போட்ட வளையக் கோப்பை நினைவுப் பெட்டிக்குள் வைக்கவேண்டாம், பிறப்பத்தாட்சியும் காணி உறுதியும் இருக்கும் பைக்குள் வையுங்கள்.

ஒரு ஜேர்சியைத் தலையணை உறையாக்குவது

கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது அழகு. ஆனால் கடலோர வீட்டில் அதற்குள் ஈரம் பூத்துவிடும், வெயில் முகம் என்றால் நிறம் போகும். கட்டாயம் வேண்டுமென்றால் 4 செ.மீ. ஆழமான சட்டம், பசையில்லாமல் பருத்தித் துணி போர்த்திய பலகையில் தையல், கண்ணாடி துணியில் தொடாத இடைவெளி, உள்சுவர். அதைவிடத் தலையணை உறை கைக்குக் கையாகப் பயன்படும், தைப்பது பிழைத்துப்போனாலும் நட்டம் ஒரு ஜேர்சிதான்.

40 செ.மீ. சதுரத் தலையணைக்கு முன்துண்டு 43 × 43 செ.மீ. சிறுபிள்ளையின் ஜேர்சி அவ்வளவு அகலம் வராது, இரு பக்கமும் வெற்றுத் துணிப் பட்டி வைத்து அளவாக்குங்கள். வெட்டுவதற்கு முன் பின்பக்கம் ஒட்டுக் கன்வஸ் (சூட்டில் துணியோடு ஒட்டும் உள்துணி) வைக்கவேண்டும். பின்னல் துணி இழுபடும், கன்வஸ் இல்லாமல் தைத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். இலக்கப் பக்கத்தைக் கீழே, பேக்கிங் தாளின்மேல் வைத்து, கன்வஸின் பசைப்பக்கம் துணியைத் தொட, மேலே ஈரமில்லாத மெல்லிய துணி போட்டு, அயனைப் பொலியெஸ்ரர் சூட்டில் வைத்து ஓரிடத்தில் பத்து விநாடி அழுத்தித் தூக்குங்கள். தள்ளித் தேய்த்தால் சுருங்கும். ஓரத் துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள். இலக்கம் பளபளத்துக் குமிழ் வந்தால் சூடு கூடிவிட்டது.

பின்பக்கத்துக்குப் பருத்தியில் 43 × 30 செ.மீ. துண்டு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை 2 செ.மீ. மடித்துத் தையுங்கள். முன்துண்டின் நல்ல பக்கத்தின்மேல் இரண்டையும் நல்ல பக்கம் கீழே வர வைத்தால் நடுவில் 13 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும், சிப் தேவையில்லை. சுற்றிவர 1.5 செ.மீ. விட்டுத் தைத்து மூலையைச் சரித்து வெட்டித் திருப்புங்கள். ஊசி, பின்னல் துணிக்கான உருண்டை முனை, 80ஆம் இலக்கம். சாதாரணக் கூர் ஊசி இழையை அறுத்து, இரண்டு தோய்ப்பில் தையலோரம் சிறு துளைகள் ஓடும். தையல் நீளம் 3 மில்லிமீற்றர். ஒட்டுப்படல இலக்கத்தின் மேலால் தையல் போகக்கூடாது, அந்தத் துளை வரிசையிலேயே கிழியும்.

பத்து ரீசேட் இருந்து விரிப்பாகத் தைக்க விரும்பினால் கணக்கு இது: 33 செ.மீ. சதுரமாக வெட்டிய 20 துண்டு (முன்னும் பின்னும் எடுத்தால் பத்து ரீசேட் காணும்), நாலு வரிசை அகலம், ஐந்து நீளம், தைத்து முடிய 120 × 150 செ.மீ. 90 செ.மீ. அகலக் கன்வஸ் 3.5 மீற்றர். உள்ளே பஞ்சு வைக்கவேண்டாம், இந்த வெக்கைக்கு யாரும் போர்த்தமாட்டார்கள். பின்னால் ஒரு பருத்தி விரிப்பு போதும்.

மிஞ்சினதும், எரிப்பதும்

பருத்தி ரீசேட் துடைக்கும் துணியாகும். பொலியெஸ்ரர் ஆகாது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். துளைத்துளையான ஜேர்சித் துணிக்கு வளவில் வேலை இருக்கிறது: கையை வெட்டி ஒரு முனையைக் கட்டினால் கொய்யாவுக்கும் மாதுளைக்கும் அன்னமுன்னாவுக்கும் பழ ஈயும் அணிலும் தொடாத பை. காய் எலுமிச்சையளவு இருக்கும்போதே கட்டவேண்டும், ஈ முட்டையிட்ட பிறகு கட்டிப் பயனில்லை. உடலைச் சுற்றி 2 செ.மீ. அகலத்தில் ஒரே நீளமாக வெட்டினால் தக்காளி, பாகல் தண்டை அறுக்காத கட்டுக்கயிறு. காலுறைக்குள் மணல் நிரப்பிக் கதவடியில் வையுங்கள், கச்சான் புழுதி உள்ளே வராது.

மிஞ்சியதைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். பொலியெஸ்ரர் எரியும்போது உருகிச் சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், புகையும் நல்லதல்ல. கட்டி உள்ளூராட்சிச் சபையின் வண்டிக்குக் கொடுங்கள்.

மழை விட்டு மாசி வெயில் ஏறியதும் பெட்டியைத் திறக்கவேண்டும். கையை விடுமுன் மணம் பாருங்கள். நிலக்கீழ் அறைபோல மணந்தால் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் ஒரு நாள் விரித்து, பெட்டியை உலரத் துடைத்து, சிலிக்காவைச் சூடாக்குங்கள். மணமில்லாவிட்டாலும் சுற்றிய ஜேர்சிகளைப் பிரித்து, மடிப்பு இடம்மாறச் சுற்றுங்கள். மூடியின் உட்புறம் ஒரு துண்டில் திறந்த திகதியை எழுதி ஒட்டினால், அடுத்த மாசியில் போன தடவை எப்போது திறந்தோம் என்று தேடவேண்டியதில்லை.